சர்க்கரை டீச்சரும் மூன்று ஷிப்டும்

குளித்துவிட்டு வந்த என் கணவர், இடது கண்ணுக்கு முன்னால் கையை வீசி வீசி எதையோ விரட்டிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "ஈ" என்றார். ஈ எதுவும் இல்லை. "ஜன்னலைச் சாத்துங்க" என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குக் கிளம்பினேன். மறுநாளும் அதே ஈ. அதற்கு மறுநாள், ஈ போய்ப் புகை வந்துவிட்டது என்றார். கறுப்பாக, தலையைத் திருப்பினால் கூடவே திரும்புகிற புகை.

அது ரத்தம். விழித்திரையில் (கண்ணுக்குள் பின்பக்கம், பார்ப்பது படமாக விழுகிற மெல்லிய சவ்வு) இருந்த நுண்குழாய் ஒன்று வெடித்துக் கண்ணுக்குள்ளேயே கசிந்திருந்தது.

இது நடந்தது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், ஓசூரில். உங்கள் வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்து, அவர் ஷிப்டில் வேலை பார்ப்பவராகவும் இருந்தால், இது உங்களுக்காக எழுதியது. ஆறுதல் தேடிப் படிக்க வேண்டாம். ஆறுதல் சொல்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் மரியாதை கிடையாது.

நான் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களின் கையைக் கட்டி ரத்தம் எடுப்பது வேலை. மனிதர்கள் மேல் மதிப்பை வளர்க்கிற வேலை அல்ல அது. பரிசோதனைக்கு முந்தைய சில நாட்கள் மட்டும் பாகற்காயும் மோருமாக இருந்துவிட்டு வருவார்கள். 'நார்மல்' என்று முடிவு வந்ததும் எதிரே உள்ள பேக்கரியில் நின்று தேங்காய் பன் தின்பார்கள். என் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். ஊசி குத்தினால் "அம்மா" என்று அலறுகிற இதே ஆண்கள், டாக்டர் முன்னால் மட்டும் பச்சைப் பிள்ளை மாதிரி, "எல்லாம் கரெக்டா இருக்கேன் சார்" என்பார்கள்.

ஹெச்பிஏ1சி என்று ஒரு பரிசோதனை உண்டு (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டுவது). அதனிடம் இந்தப் பாகற்காய் வித்தை எடுபடாது. அந்த முடிவை அவர்கள் கையில் கொடுக்கும்போது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருக்கும். அதை நான் மறைத்ததில்லை.

என் கணவர் சண்முகம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பிரஸ் ஆபரேட்டர் (இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் இயந்திரத்தை ஓட்டுபவர்). கல்யாணமான புதிதில் நாமக்கல் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டோம். மகள் பர்கூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். அவருக்குச் சர்க்கரை வந்து பல வருடம். முதலில் மாத்திரை, பிறகு இன்சுலின் (உடல் சரியாகச் சுரக்காத அல்லது பயன்படுத்தாத சர்க்கரைக் கட்டுப்பாட்டுச் சுரப்பு, ஊசியாகப் போடுவது). எங்கள் டாக்டர் சீட்டில் தெளிவாக எழுதியிருந்தார்: காலை டிபனுக்கு அரை மணி முன்பு ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு ஒன்று.

அவர் வேலையோ வாரத்துக்கு வாரம் மாறும். ஏ ஷிப்ட் காலை ஆறு மணிக்கு, பி ஷிப்ட் மதியம் இரண்டு மணிக்கு, சி ஷிப்ட் இரவு பத்து மணிக்கு. இந்த ஊரில் பாதி வீடுகள் இப்படித்தான். வீட்டில் யார் எப்போது தூங்குகிறார்கள் என்பதை வைத்தே அந்த வாரம் என்ன ஷிப்ட் என்று பக்கத்து வீட்டார் சொல்லிவிடுவார்கள்.

பரிசோதனைக்கும் டாக்டரிடமும் அவர் போவது பி ஷிப்ட் வாரத்தில். அப்போதுதான் காலை நேரம் சும்மா கிடைக்கும், லீவு போட வேண்டாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாகவே இருக்கும். ஆனால் சராசரி மட்டும் ஒவ்வொரு முறையும் மோசம். பரிசோதித்தவளே நான்தான், மெஷினைக் குறை சொல்லவும் வழியில்லை. டாக்டர் ஊசி அளவைக் கூட்டிக்கொண்டே போனார். எனக்கு விடை ரொம்பச் சுலபமாக இருந்தது. மனிதர் திருடித் தின்கிறார்.

"கேன்டீன்ல என்ன தின்னீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேசரி போட்டாங்க. ரெண்டு தடவை வாங்கிட்டேன்" என்றார், சிரித்துக்கொண்டே.

"வெக்கமா இல்லையா?"

"வெக்கப்பட்டா நெய் வாசனை போயிருமா?"

அன்றிலிருந்து தேங்காய் பன் கூட்டத்தில் அவரையும் சேர்த்துவிட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரை இளக்காரமாகப் பார்ப்பதற்குச் சண்டை போட வேண்டியதில்லை. தட்டில் சோற்றை அளந்து வைத்தால் போதும்.

இந்த நிலையில்தான் ஈ வந்தது.

பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். நீண்ட நடைபாதை, வரிசையாக எஃகு நாற்காலிகள், கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு தலையை அண்ணாந்து உட்கார்ந்திருக்கிறவர்கள். கண் டாக்டர் வயதானவர், வார்த்தையை வீணாக்காதவர். "இது ரெட்டினோபதி" என்றார் (சர்க்கரையால் விழித்திரைக் குழாய்கள் சிதைவது). "இடது கண்ணுக்கு லேசர் வைக்கிறோம்" (கசியும் இடங்களை ஒளிக்கதிரால் சுட்டு அடைப்பது). "எவ்வளவு பார்வை திரும்பும்னு என்னால சொல்ல முடியாது. வலது கண்லயும் ஆரம்பிச்சிருக்கு. அது இன்னும் தப்பிக்கலாம். சர்க்கரை கட்டுக்குள்ள வந்தா தப்பிக்கும். வரலைன்னா என்கிட்ட கேக்காதீங்க."

ஆக, பணயம் வலது கண். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு எந்தப் பேச்சும் பேச்சாக இல்லை.

கண் டாக்டர் எங்களை 'டயபடிஸ் எஜுகேட்டர்' என்று பலகை போட்ட அறைக்கு அனுப்பினார் (சர்க்கரை நோயாளிக்கு உணவு, ஊசி, உடற்பயிற்சி சொல்லித் தரும் பயிற்சியாளர்). மேஜை மேல் பிளாஸ்டிக் ஆப்பிள், பிளாஸ்டிக் சப்பாத்தி, பிளாஸ்டிக் மீன். மேஜைக்குப் பின்னால் என் மகளைவிட மூன்று நான்கு வயது மூத்த ஒரு பெண்.

"ஸ்வீட் சாப்பிடுவீங்களா அங்கிள்? பொய் சொல்லக் கூடாது" என்று விரலை ஆட்டினாள்.

"சாப்பிடுவேம்மா. வீட்டுல கண்டிக்க ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நோ, நோ. இனிமே காலைல எட்டு மணிக்கு ஓட்ஸ். நைட் எட்டு மணிக்கு டின்னர். பத்து மணிக்குத் தூக்கம். ஓகேவா?"

"ஓகேம்மா."

அந்த வாரம் அவருக்கு சி ஷிப்ட். விடுப்பில் வந்திருந்தார். பத்து மணிக்கு அவர் தூங்கப் போவதில்லை, பிரஸ் முன்னால் நிற்கப் போகிறார். அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அவள் தலைக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழைத்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன். அதே மருத்துவமனை ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்துகிற படிப்பு. நர்ஸ், உணவு ஆலோசகர், ஆய்வகக்காரர்கள் சேரலாம்.

நான் அதில் சேர்ந்ததற்குச் சேவை மனப்பான்மை என்று காரணம் சொன்னால் அது பொய். இந்தப் பெண்ணுக்கே ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்கள் என்றால், அதை வாங்கி என் சுவரில் மாட்டிவிட்டு ஒழுங்காகச் செய்துகாட்ட வேண்டும் என்ற எரிச்சல்தான் காரணம். அந்த அறையில் சொன்னதை வைத்துக்கொண்டு வலது கண்ணைக் காப்பாற்ற முடியாது என்பதும் தெரிந்துவிட்டது.

ஞாயிறுதோறும் ஓசூரில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி சோதனைச் சாவடி நெரிசலில் நின்று, வகுப்புக்குப் போவேன். படிப்பில் நல்ல விஷயங்கள் இருந்தன என்பதையும் எழுத வேண்டும். ஊசி போடும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் கட்டி தட்டி மருந்து சரியாக ஏறாது என்பது பதினைந்து வருடம் ஆய்வகத்தில் இருந்த எனக்குத் தெரியாது. பாதங்களை நாள்தோறும் எப்படிப் பார்த்துத் துடைக்க வேண்டும் என்பதும் தெரியாது. மற்றபடி அது ஒரு விசித்திரமான இடம். மதியச் சாப்பாடு ஒரு மருந்துக் கம்பெனி உபயம். கட்டுப்பாட்டின் அவசியத்தைப் பற்றிக் காலை முழுக்கக் கேட்டுவிட்டு வெளியே வந்தால், மேஜையில் குலாப் ஜாமூன் ஜீராவில் மிதக்கும். நாற்பது பேரில் வேண்டாம் என்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பாடம் எடுத்த அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். "மேடம், ராத்திரி வேலை பாக்கிறவங்களுக்கு இந்த நேரக் கணக்கு எப்படி?"

"எங்கிருந்து வர்றீங்க?"

"ஓசூர்."

"ஓ, ஃபேக்டரி பீப்பிள்" என்றார், ஏதோ புதுவகைப் பூச்சி என்பது போல. "ஷிப்டை மாத்திக்கச் சொல்லுங்க. ஹெல்த் முக்கியமா, ஷிப்ட் முக்கியமா?"

வகுப்பு சிரித்தது. கன்னடம் பேசுகிற ஒரு நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் என் பக்கம் சாய்ந்து, "இவங்களுக்கு நைட் ட்யூட்டி போட்டா ஒரு வாரத்துல பாடத்தை மாத்திருவாங்க" என்று தமிழில் முணுமுணுத்தார்.

ஊரிலும் செய்தி பரவியது. கிருஷ்ணகிரியில் இருக்கும் என் நாத்தனார், கணவரின் அக்கா, மாம்பழ சீசனில் கூடையோடு வந்து இறங்கினார். "என்ன சர்க்கரை டீச்சர், என் தம்பிக்குப் பரீட்சை வச்சாச்சா? பாஸா, ஃபெயிலா?"

"கண்ணு போயிட்டிருக்கு அண்ணி" என்றேன்.

"அதெல்லாம் திருஷ்டி. ஒரு துண்டு மாம்பழம் ஒண்ணும் பண்ணாது. கூடவே இந்தப் பொடியைக் குடுத்தா ஏறின சர்க்கரை இறங்கிரும்." கூடையிலிருந்து மாம்பழத்தையும் எடுத்தார், அதற்கு மருந்தையும் எடுத்தார். நோயையும் வைத்தியத்தையும் ஒரே கூடையில் கொண்டுவருகிற குடும்பம். பொடி குப்பைக்குப் போனது. மாம்பழத்தை நான் தின்றேன், என் கணவர் பார்க்கும்படியாக.

படிப்பு முடிய வேண்டுமானால் நோயாளிகளோடு நேரில் பேசிக் காட்ட வேண்டும். ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசச் சர்க்கரை முகாம் நடந்தது. எனக்கு வெள்ளைக் கோட்டு போட்டு, மணமேடைக்குக் கீழே ஒரு மேஜை கொடுத்தார்கள். மேடையில் முந்தைய நாள் கல்யாணத்துப் பூ அலங்காரம் வாடிப்போய் நின்றது.

மதியம் நெருங்கும்போது நாற்பது வயதுள்ள ஒருவர் வந்து உட்கார்ந்தார். பெயர் பாஷா. கம்பெனிச் சட்டையைப் பார்த்ததும் என் கணவர் வேலை செய்யும் இடம்தான் என்று தெரிந்தது. நான் காட்டிக்கொள்ளவில்லை. இன்சுலின் போடுகிறவர். சர்க்கரை மிக அதிகம்.

"தினமும் ஊசி போடறீங்களா?"

"ரெகுலரா போடறேன் மேடம்."

"இந்த வாரம்?"

"இந்த வாரம் சி ஷிப்டுங்களே. ஊசிக்கு லீவு."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "லீவுன்னா?"

"சி ஷிப்ட்ல யாரும் போட மாட்டோம் மேடம். எங்க லைன்ல ஊசிக்காரங்க நாலு பேர். எல்லாருக்கும் அதான் ரூல். காலைல வீட்டுக்கு வந்து 'காலை ஊசி'ன்னு போட்டுட்டுப் படுத்தா, தூக்கத்துலயே வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடன்னு அடிச்சு, செத்துப் பொழைக்கணும். ராத்திரி ஊசியைப் போட்டுட்டுப் போய் மெஷின்ல நின்னா அதே கதை. எதுக்கு வம்பு? ஒரு வாரம் சும்மா விட்டுட்டா ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னு எந்த டாக்டர் சொன்னாரு?"

"டாக்டர் சண்முகம்" என்று சொல்லிச் சிரித்தார். "எங்க பிரஸ் ஆபரேட்டர்தான் மேடம். நாங்க டாக்டர்னுதான் கூப்பிடுவோம். அவரு பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவரு. ஒருதடவை சி ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல வரும்போது நாக்குக் குழறி, நிக்க முடியாம சீட்லருந்து சரிஞ்சிட்டாரு. சூப்பர்வைசர் வந்து வாயை மோந்து பாக்கிறான். குடிச்சிருக்கானாம்! அவரு வாழ்க்கையில சொட்டுத் தொட்டதில்ல. நான்தான் என் பையில இருந்த மிட்டாயை வாயில திணிச்சேன். அஞ்சு பத்து நிமிஷத்துல எந்திரிச்சு உக்காந்துட்டாரு. ஆனா பஸ் முழுக்கப் பாத்துச்சு இல்லீங்களா. அழுதுட்டாரு மேடம்."

நான் பேனாவை மூடினேன். "அவர் என் வீட்டுக்காரர்" என்றேன்.

பாஷா எழுந்தே நின்றுவிட்டார். "ஐயோ அண்ணி! நான் ஒண்ணுமே சொல்லலைங்க. சத்தியமா. நான் இங்க வரவே இல்லைன்னு வச்சுக்குங்க."

"உக்காருங்க. உங்களுக்கு இன்னும் சொல்லி முடிக்கல."

அவருக்கு என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடுவது) பற்றி ஏதோ சொல்லியிருப்பேன். மனதில் ஓடியது ஒன்றுதான். மூன்று வாரத்தில் ஒரு வாரம் மருந்தே இல்லை. பி ஷிப்ட் வாரத்தில் பரிசோதனை. எடுக்கும்போதெல்லாம் நல்ல எண், சராசரி மட்டும் மோசம். டாக்டர் அதைப் பார்த்து அளவைக் கூட்ட, கூட்டின அளவு சி ஷிப்டில் இன்னும் வேகமாக ஆளைச் சாய்க்க, ஊசிக்கு லீவு விட்டதுதான் சரி என்று இவர்களுக்கு உறுதிப்பட்டிருக்கிறது. எல்லாத் தாளும் என் கைவழியாகத்தான் போனது.

வீட்டுக்கு வந்தேன். அவர் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார், இடது கண்ணை மூடிக்கொண்டு. கோட்டைக் கழற்றாமலே கேட்டேன்.

"டாக்டர் சண்முகம், உங்க ஆஸ்பத்திரி எத்தனை மணி வரைக்கும்?"

நிமிர்ந்து பார்த்தார். "பாஷாதானே? அவன் வாயில கரண்டியை விட்டுக் கிண்டணும்."

"பஸ்ல விழுந்ததை ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"பிரஸ்ல நிக்கறவனுக்கு மயக்கம் வருதுன்னு தெரிஞ்சா மெஷினை விட்டு எடுத்துருவாங்க."

"கம்பெனியில சொல்ல வேண்டாம். எங்கிட்ட?"

பூண்டுத் தோலை ஊதிவிட்டார். "உங்கிட்டச் சொன்னா ஒரு பார்வை பாப்பே. கைய நீட்டிக்கிட்டு வரிசையில உக்காந்திருக்கிறவனைப் பாப்பியே, அந்தப் பார்வை. பஸ்ல அன்னைக்கு அம்பது பேர் அப்படிப் பாத்தாங்க. வீட்டுலயும் வேணுமா?"

"அதுக்குப் பதிலா கேசரி தின்னேன்னு சொன்னீங்களா?"

"தின்னிப்பண்டாரம்னு பேர் வாங்கினா யாரும் வாயை மோந்து பாக்க மாட்டாங்க." அடுத்த பூண்டை எடுத்துக்கொண்டே, "எனக்குக் கேசரி எப்பவுமே பிடிக்காது. கல்யாணம் ஆனதிலிருந்து எத்தனை விசேஷத்துல இலையில ஒதுக்கி வச்சிருக்கேன். உனக்குத் தெரியாதா?"

தெரியவில்லை. ரத்தத்தில் உள்ளதைத் தசம புள்ளி வரை அளக்கிற எனக்கு அது தெரியவில்லை. அப்போதும் எனக்குக் கோபம் அவர் மேல்தான் வந்தது. கூச்சத்துக்காகக் கண்ணைக் கொடுக்கிற முட்டாள்தனம் என்று கத்தினேன். இன்றும் அதை முட்டாள்தனம் என்றே சொல்வேன். நாலு பேருக்கு வேறு அதைப் போதித்திருக்கிறார். அன்று மாலை சமையல் ஆகவில்லை. உரித்த பூண்டு மேடையிலேயே கிடந்தது.

மறுநாள் இருவருமாக, ஊசி எழுதித் தந்த எங்கள் டாக்டரிடம் போனோம். அவர் பழைய சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "ஏன்யா, ரெகுலரா போடறேன்னுதானே எங்கிட்டச் சொன்னே?"

"ரெகுலராத்தான் சார். ரெகுலரா ரெண்டு வாரம் போடுவேன், ரெகுலரா ஒரு வாரம் லீவு விடுவேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "எந்த ஷிப்ட்னு நான் கேட்டதே இல்லையா?" என்றார். இல்லை என்று நான் சொன்னேன். சன்னமாகச் சொல்லவில்லை. தொழிற்பேட்டையின் வாசலிலேயே கிளினிக் வைத்து, சீட்டில் 'காலை', 'இரவு' என்று அச்சடித்து வைத்திருக்கிறவரிடம் சன்னமாகப் பேச எனக்கு வராது. ஆனால் அவர் செய்ததை நான் மதிக்கிறேன். அந்தச் சீட்டை அடித்துவிட்டு, வெள்ளைத் தாளில் மூன்று ஷிப்டுக்கும் தனித்தனியாக எழுதினார். கடிகாரத்தைப் பார்த்து ஊசி இல்லை, சாப்பாட்டைப் பார்த்து ஊசி. சி ஷிப்ட் வாரத்தில் வேலை முடிந்து வந்ததும் முதலில் சாப்பாடு உறுதி, அதற்குக் குறைந்த அளவு ஊசி, பிறகுதான் தூக்கம். எழுந்து சாப்பிடுகிற பெரிய சாப்பாட்டுக்கு மற்றது. நடுவில் கேன்டீன் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது. வீட்டிலேயே விரலில் குத்திப் பார்த்து, வந்த எண்ணை எழுதிக்கொண்டுவர வேண்டும்.

எத்தனை யூனிட் என்று நான் இங்கே எழுத மாட்டேன். அடுத்தவர் அளவைப் பார்த்து ஊசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அளவு உங்கள் டாக்டருடையது. நீங்கள் செய்ய வேண்டியது, அவர் கேட்காவிட்டாலும் உங்கள் ஷிப்டைச் சொல்வது. சட்டைப் பையில் மிட்டாயோ சர்க்கரைப் பொட்டலமோ எப்போதும் இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், நாக்குக் குழறல் வந்தால் உடனே வாயில் போடுங்கள், பிறகு சாப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் திணிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்குங்கள். பஸ்ஸில் கூட வருகிறவர் ஒருவருக்காவது உங்களுக்கு இன்சுலின் உண்டு என்று தெரிந்திருக்கட்டும். கூச்சமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். வாயை மோந்து பார்க்கிறவன் சூப்பர்வைசராகவே இருந்தாலும், அவனுக்காகக் கண்ணை இழக்கத் தேவையில்லை.

சான்றிதழ்த் தேர்வு நடந்தது. இன்சுலின் போடும் நேரம் பற்றி ஒரு கேள்வி. காலை உணவுக்கு முன், இரவு உணவுக்கு முன் என்று அவர்கள் எதிர்பார்த்ததை எழுதினேன். பக்கத்தின் ஓரத்தில் 'நோயாளியின் ஷிப்டைக் கேட்ட பிறகு' என்று ஒரு வரி சேர்த்தேன். திருத்தியவர் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, மதிப்பெண் எதுவும் குறைக்காமலும் கூட்டாமலும் விட்டிருந்தார். படித்தாரா என்பதே சந்தேகம். நல்ல மதிப்பெண்ணோடு தேறினேன். தங்க ஓரம் போட்ட சான்றிதழ் வந்தது. ஆய்வகச் சுவரில், சானிடரி இன்ஸ்பெக்டர் நோட்டீசுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். அதன் தகுதிக்கு அந்த இடம் சரியானது.

இப்போது ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பதற்கு முன் எல்லோரிடமும் முதலில் ஷிப்டைத்தான் கேட்கிறேன். வியப்பாகப் பார்க்கிறார்கள். பிறகு பேசுகிறார்கள். தேங்காய் பன் தின்கிறவர்கள் இன்னும் தின்கிறார்கள். அவர்களைப் பற்றி என் கருத்து மாறவில்லை. பாஷா மாதத்துக்கு ஒருமுறை வந்து, "மேடம்னு சொல்லவா, அண்ணின்னு சொல்லவா?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுகிறார். சர்க்கரை பாதிக்கு இறங்கியிருக்கிறது.

சண்முகத்தின் இடது கண்ணில் ரத்தம் மெல்ல வடிந்தது. பார்வை முழுதாகத் திரும்பவில்லை. வெளிச்சமும் நிழலும் தெரிகின்றன, முகம் தெரிவதில்லை. கம்பெனி அவரைப் பிரஸ்ஸிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றியது. ஷிப்டை மாற்றவில்லை. வலது கண்ணுக்கு இரண்டு முறை லேசர் வைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்த கண் டாக்டர், புதிய கசிவு இல்லை என்றார். "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். என் கணவர், "ஊசிக்கு லீவைக் கேன்சல் பண்ணிட்டேன் சார்" என்றார். அந்த மனிதர் முதல்முறையாகச் சிரித்ததைப் பார்த்தேன்.

காலை, இரவு என்கிற சொற்கள் எங்கள் வீட்டில் பொருள் இழந்துவிட்டன. சி ஷிப்ட் வாரத்தில் எங்களுக்குப் பொழுது விடிவது பிற்பகலில். வாரத்தில் ஒரு நாள் ஆய்வகத்தில் சீக்கிரம் சொல்லிக்கொண்டு வந்துவிடுகிறேன். அவர் எழுந்து, விரலில் குத்தி, எண்ணை உரக்கப் படித்து, ஊசி போட்டுக்கொள்கிறார். வெயில் சாய்ந்துகொண்டிருக்கும். அரை மணி கழித்து இருவரும் காலைச் சாப்பாடு சாப்பிடுகிறோம்.

திருமணமான நாளிலிருந்து நான் அவருக்கு இடப்பக்கம்தான் உட்காருவேன், படுப்பேன், பஸ்ஸிலும் அப்படியே. ஒருநாள் சாப்பிடும்போது அவர் கழுத்தை முழுக்கத் திருப்பி, திரும்பவும் திருப்பி என்னைத் தேடுவதைப் பார்த்தேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய் வலப்பக்கம் உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்தில் அவர் காதுக்குக் கீழே ஒரு மச்சம் இருக்கிறது. எனக்கு அது புதிது.